சித்தியாக வந்தவர்கள், விருந்தாளியாக வருபவர்கள்

1901-ஆம் ஆண்டு மார்ச் 7. தாமிரபரணி கடலை நெருங்கும் பக்கத்தில், பெருங்குளத்துக்கு அருகே உள்ள பண்ணைவிளை மிஷன் பங்களா. காலை நேரம். ஊர்ப் பெண் ஒருத்தி ஏழு வயதுச் சிறுமியைக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு அழைத்து வருகிறாள். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்காகப் பெருங்குளத்தில் வளர்க்கப்பட்ட பிள்ளை அது. முந்தின நாள் அங்கிருந்து நழுவி ஓடி வந்திருக்கிறது. முன்பும் ஒருமுறை தப்பித் தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடியது. தேடி வந்தவர்களுக்குப் பயந்து தாயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். கையில் சூடு போட்டார்கள். அன்று காலை வராந்தாவில் இருந்த அயர்லாந்துப் பெண்ணின் மடியில் ஏறி உட்கார்ந்த சிறுமி, பிறகு அந்த மடியை விட்டுப் போகவில்லை.

சிறுமியின் பெயர் பிரீனா. மடிக்குரியவர் ஏமி கார்மைக்கேல், அப்போது வயது 33. திருநெல்வேலிச் சீமையில் களக்காடு, ஏர்வாடி வட்டாரத்து டோனாவூரில் இன்றும் நிற்கும் டோனாவூர் ஐக்கியத்தின் தொடக்கம் அந்தக் காலைப்பொழுதுதான். பெற்றோரற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கடல் கடந்து வருகிறவர்கள் எப்படி வர வேண்டும், எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு நெல்லை மண்ணில் கிடைக்கும் பழைய விடை ஒன்றும் அங்கேதான் இருக்கிறது. உலகம் முழுவதும் குழந்தைகள் இல்லங்களில் இரண்டு வாரம், ஒரு மாதம் என்று தொண்டு செய்யப் புறப்படும் இளைஞர்களைப் பற்றிய விவாதம் சூடுபிடித்திருக்கும் காலத்தில், அந்த விடையைத் திரும்பப் பார்ப்பது அவசியமாகிறது.

ஊர் ஊராகப் போனவர் ஓரிடத்தில் தங்கினார்

ஏமி 1867 டிசம்பர் 16-ல் வட அயர்லாந்தின் மில்லைல் என்ற கடலோரச் சிற்றூரில் பிறந்தவர். ஜப்பானில் ஓராண்டுக்கு மேல், இலங்கையில் சில காலம் என்று இருந்துவிட்டு 1895-ல் பெங்களூர் வந்து, அடுத்த ஆண்டு திருநெல்வேலிக்கு வந்தார். தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியிடம் தமிழ் படித்தார். பொன்னம்மாள் முதலான தமிழ்ப் பெண்களுடன் மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசங்கம் செய்வதுதான் அவருடைய வேலை. பிள்ளைகள் வந்து சேர்ந்த பிறகு வண்டிப் பயணம் நின்றுபோனது. 1904-ல் கைக்குழந்தைகளும் வரத் தொடங்கின. 1913-ல் பிள்ளைகளின் எண்ணிக்கை 130-ஐத் தொட்டது. 1918-ல் பையன்களுக்கும் இடம் உண்டாயிற்று. 1927-ல் டோனாவூர் ஐக்கியம் தனி அமைப்பாகப் பதிவானது. 1951 ஜனவரி 18-ல் இறக்கும்வரை ஏமி ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. 1931-ல் விழுந்து அடிபட்ட பிறகு, கடைசி இருபது ஆண்டுகளைப் பெரும்பாலும் படுக்கையறையில் இருந்தபடியே கழித்தார். டோனாவூரில் அவர் கல்லறையில் பேர் பொறித்த நடுகல் கிடையாது. பறவைகள் நீர் குடிக்கும் கல்தொட்டி ஒன்றும், அதில் ‘அம்மை’ என்ற சொல்லும் இருக்கின்றன.

தேவதாசி முறையைப் பற்றி ஏமி எழுதியவற்றை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. அது ஒரு மிஷனரியின் பார்வை. அந்தச் சமூகத்துப் பெண்களுக்கு இருந்த கல்வி, கலை, சொத்துரிமை ஆகியவை அதில் இடம்பெறவில்லை. அம்முறையை ஒழிக்கும் போராட்டத்தை முன்னெடுத்தவர்கள் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும். சட்டம் 1947-ல் வந்தது. ஆனால் சூடுபட்ட கையோடு ஓடிவந்த பிள்ளையின் பயம் உண்மையானது. அந்தப் பயத்துக்கு ஒரு வீடு தேவைப்பட்டது என்பதும் உண்மை.

சித்தி, அக்காள், அண்ணாச்சி

டோனாவூரில் வேலை செய்தவர்களுக்குக் கிடைத்த பெயர்களே அந்த இடத்தின் இயல்பைச் சொல்லிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த பெண்களைப் பிள்ளைகள் ‘சித்தி’ என்று கூப்பிட்டார்கள். பிள்ளைகளை வளர்த்த தமிழ்ப் பெண்கள் ‘அக்காள்’. ஆண்கள் ‘அண்ணாச்சி’, நெல்லைச் சீமை மரியாதைக்கும் பாசத்துக்கும் சேர்த்துப் பயன்படுத்தும் சொல். இங்கிலாந்திலிருந்து வந்த மருத்துவரும் அண்ணாச்சிதான். மேடம், மிஸ், துரை என்ற சொற்களுக்கு அங்கே வேலை இல்லை.

இந்த உறவுப் பெயர்களை வந்தவுடன் யாரும் பெற்றுவிடவில்லை. வர விரும்பியவர்களுக்கு நீளமான கேள்விப் பட்டியல் போனது. வந்தவர்கள் முதலில் தமிழ் படித்தார்கள், சேலை கட்டினார்கள். சம்பளம் கிடையாது. 1907-ல் வந்த செவிலி மேபல் வேட் போன்றவர்கள் ஆயுள் முழுவதற்குமாகவே வந்தார்கள். சித்தி என்பவள் தாயின் தங்கை. அம்மா இல்லாத வீட்டில் பொறுப்பு அவள் தலையில் விழும். பாதியில் இறக்கி வைத்துவிட்டுப் போக முடியாது. தமிழ்க் குடும்பத்தில் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் கடமை முழுவதையும் அந்த வெள்ளைக்காரப் பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள். அக்காள்களின் உழைப்போ இதைவிடப் பெரியது, வெளியே குறைவாகத் தெரிந்ததும் அதுதான். சித்திகளின் கதைகள் ஆங்கிலப் புத்தகங்களாக உலகம் சுற்றின. இரவெல்லாம் கைக்குழந்தையோடு விழித்திருந்த அக்காள்களில் பெயர் தெரிந்தவர்கள் பொன்னம்மாள், அருளாயி என்று வெகு சிலரே.

┌ பெட்டிச் செய்தி ┐
பிறந்த நாள் தெரியாத பிள்ளைக்கு ‘வந்த நாள்’
பல பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி தெரியாது. ஆகவே டோனாவூரில் பிள்ளை வீட்டுக்கு வந்து சேர்ந்த நாள் கொண்டாடப்பட்டது. பூவும் வாழ்த்தும் சிறு பரிசும் உண்டு. தன்னை யாரோ விட்டுவிட்டார்கள் என்று எண்ணக்கூடிய பிள்ளை, ஆண்டுக்கு ஒருமுறை தன்னை வரவேற்ற நாளைக் கொண்டாடியது.
└──────────┘

அன்பு இருந்தும் குழந்தைகள் இறந்தன என்பதையும் சொல்ல வேண்டும். தாய்ப்பாலுக்கு வழியில்லாத பச்சிளம் குழந்தைகளுக்கு மருத்துவமனை பக்கத்தில் வேண்டும் என்பதற்காகத் திருவிதாங்கூரின் நெய்யூரில், லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியை ஒட்டி ஒரு குழந்தைக் காப்பகம் நடந்தது. பொறுப்பு பொன்னம்மாளுக்கு. 1905-ல் வயிற்றுக்கடுப்பு நோய் பரவிப் பல குழந்தைகளைக் கொண்டுபோனது. பின்னாளில் டோனாவூரிலேயே மருத்துவமனை எழுந்ததற்கு இப்படிப்பட்ட இழப்புகளும் காரணம்.

அன்று தத்துக்கு வழியில்லை

டோனாவூர்ப் பிள்ளைகள் தத்துக் கொடுக்கப்படவில்லை, அங்கேயே வளர்ந்தார்கள். இதற்குப் பின்னால் அன்றைய சட்டநிலையும் இருந்தது. இந்து சாஸ்திர முறையில் தத்து என்பது பிள்ளையில்லாதவர் மகனை எடுத்துக்கொள்வது. பெண் குழந்தையைத் தத்தெடுக்கும் வழக்கத்தைச் சென்னை மாகாண நீதிமன்றங்கள் ஏற்றது குறிப்பாகத் தேவதாசிக் குடும்பங்களில்தான். கிறிஸ்தவர்களுக்குத் தத்துச் சட்டமே கிடையாது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி ஒரு பிள்ளைக்குக் காப்பாளராக இருக்கலாம், பெற்றோராக முடியாது. யாரிடமிருந்து பிள்ளை வந்ததோ அவர்கள் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டால் ஏமியின் கையில் காகிதம் ஏதும் இருக்காது. சிறுமியைக் கடத்தியதாகவே அவர் மீது வழக்கு வந்து, 1914-ல் தள்ளுபடியானது. மீட்பு என்று ஒருவர் சொல்வதை மற்றவர் கடத்தல் என்று சொல்ல இடமிருந்த காலம் அது. இன்றைய தத்துச் சட்டம் படிவங்களில் காட்டும் கெடுபிடியைக் குறை சொல்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம். பிள்ளை எங்கிருந்து வந்தது, யார் சம்மதித்தார்கள் என்பதை எழுதி வைப்பது பிள்ளைக்கே பாதுகாப்பு.

1956-ல் இந்துக்களுக்கான தத்துச் சட்டம் பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றது. எல்லா மதத்தினருக்கும் முழுமையான தத்துரிமை தந்தது 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதை உச்ச நீதிமன்றம் 2014-ல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உறுதிசெய்தது. இந்தியக் குழந்தைகள் வெளிநாட்டுக்குத் தத்துப்போவதை ஒழுங்குபடுத்தும் நெறிகளை அதே நீதிமன்றம் 1984-ல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் வகுத்திருந்தது. மத்திய தத்துவள ஆணையம் 1990-ல் அமைந்தது.

காத்திருப்பது இப்போது பெற்றோர்கள்

இல்லத்தின் பொருளையே இந்தச் சட்டங்கள் மாற்றிவிட்டன. அன்று இல்லம் என்பது வீடு; இன்று அது காத்திருக்கும் திண்ணை. தமிழ்நாட்டில் 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், பெண் சிசுக்கொலைக்குப் பதிலாகக் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போக வழி செய்தது. அப்படிக் கிடைக்கும் குழந்தை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவின் முன் வர வேண்டும். பெற்றோரைத் தேடிச் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியாகும். யாரும் வராவிட்டால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொறுத்தவரை இரண்டு மாதத்துக்குள், தத்துக்குத் தகுதியானது என்று குழு அறிவிக்க வேண்டும். தாயே நேரில் வந்து ஒப்படைத்தால் மனம் மாற அவளுக்கு அறுபது நாள் உண்டு. அதன் பிறகு குழந்தையின் விவரம் ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் ஏறும். தத்து ஆணையை 2022 முதல் மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார்.

2024–25-ல் நாடு முழுவதும் 4,515 குழந்தைகள் தத்துப் போயின. அவற்றில் 4,155 உள்நாட்டுக் குடும்பங்களுக்கு. பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் பெற்றோரோ 30,000-க்கும் மேல். சின்னக் குழந்தைக்கு அவர்கள் மூன்று ஆண்டுக்கு மேலும் காத்திருக்கிறார்கள். ஆரோக்கியமான கைக்குழந்தை இல்லத்தில் நெடுங்காலம் தங்குவதில்லை. தங்கிவிடுவது யார்? கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள், அண்ணன் தங்கையாகச் சேர்ந்து வந்தவர்கள், காது கேளாதவர்கள், மூளைமுடக்கு உள்ளவர்கள், இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவர்கள்.

கிறிஸ்தவ இல்லங்களுக்கு இந்த மாற்றம் எளிதாக இருக்கவில்லை. அன்னை தெரசாவின் பிறரன்பு சகோதரிகள் சபை, திருமணமாகாதவர்களும் மணமுறிவு பெற்றவர்களும் தத்தெடுக்கலாம் என்ற விதியை ஏற்க முடியாது என்று 2015-ல் தன் தத்து மையங்களின் அங்கீகாரத்தைத் துறந்தது. இல்லத்தின் நம்பிக்கைக்கும் அரசின் விதிக்கும் இடையில் பிள்ளை நின்றால் பிள்ளையின் பக்கமே வழி விட வேண்டும். தத்துச் சட்டத்தின் அடிப்படையும் அதுதான்.

அதிகாலை மூன்று மணி

தத்துக்குக் காத்திருக்கும் குழந்தைகள் உள்ள எந்த மையத்திலும் உண்மையான வேலை நடப்பது இருட்டில். மூன்று மணிக்கு ஒரு குழந்தை சிணுங்கும். ஆயாம்மா விளக்கைப் போட மாட்டார். போட்டால் மற்றதுகளும் எழுந்துவிடும். வெந்நீரில் அலசிய பாலாடையில் பாலை ஊற்றி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பார். எடை குறைந்து பிறந்த குழந்தைக்குப் பாட்டிலில் உறிஞ்சத் தெம்பு இருக்காது; பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்துத் துளித்துளியாக விட வேண்டும். அவசரப்பட்டால் புரையேறும். குடித்து முடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தடவி ஏப்பம் வரும்வரை நடப்பார். இந்தக் குழந்தை இடது தோளில்தான் ஏப்பம் விடும், அது சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்கும், இன்னொன்றுக்குக் குளிக்கும்போது முகத்தில் தண்ணீர் பட்டால் மூச்சுத் திணறும் — இதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, அவர் கையில் இருக்கிறது. பத்து நாள் அவர் வராவிட்டால் குழந்தையின் எடையிலேயே தெரிந்துவிடும்.

இதை அறிவியல் மெதுவாகவே கண்டுகொண்டது. சுத்தமும் உணவும் குறையாத இல்லங்களிலும், ஒரே ஆளின் அரவணைப்பு இல்லாத குழந்தைகள் வாடிப்போவதை ரெனே ஸ்பிட்ஸ் 1945-ல் எழுதினார். உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி தாய்ப் பராமரிப்பு பற்றிய அறிக்கையைத் தந்தது 1951-ல், ஏமி இறந்த அதே ஆண்டில். ருமேனியாவின் புகாரெஸ்டில் 2000-ல் தொடங்கிய ஆய்வு, இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன குழந்தைகள், அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவை, இல்லத்திலேயே தங்கிவிட்டவற்றைவிடத் தெளிவாக மீண்டன. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் குடும்பச் சூழலிலேயே வளர வேண்டும் என்று ஐ.நா. 2009-ல் நெறிமுறை வகுத்தது.

இரண்டு வாரச் சித்தி

கல்லூரி விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து வரும் இருபது வயதுப் பெண் நல்ல மனதோடுதான் வருகிறாள். குழந்தைகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கின்றன. பார்த்தவுடன் அந்நியரைக் கட்டிக்கொள்ளும் குழந்தையைக் கண்டு அவள் நெகிழ்ந்துபோகிறாள். வீட்டில் வளரும் இரண்டு வயதுக் குழந்தை அப்படிச் செய்யாது. புது முகத்தைக் கண்டால் அம்மாவின் பின்னால் ஒளியும். யாரைக் கண்டாலும் தாவும் குழந்தை, தனக்கென்று ஓர் ஆள் இல்லாத குழந்தை. பதினைந்தாம் நாள் அவள் கண்ணீரோடு விமானம் ஏறுகிறாள். அடுத்த திங்கட்கிழமை வேறொருத்தி வருகிறாள். குழந்தை மறுபடியும் தாவுகிறது. ஆண்டுக்கு இருபது முறை இது நடந்தால் அந்தக் குழந்தை ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: பிடித்துக்கொண்டவர்கள் போய்விடுவார்கள்.

இந்தச் சேதத்தை லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் தென்னாப்பிரிக்கப் பின்னணியில் 2010-ல் விரிவாக எழுதினார்கள். கம்போடியாவிலும் நேபாளத்திலும் இன்னொரு உண்மை வெளிவந்தது. இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார்கள். தொண்டர்கள் கட்டும் பணம் இருக்கும் இடத்தில் இல்லங்கள் முளைத்தன. இல்லங்களை நிரப்பக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை குழந்தை உரிமைத் தீர்மானத்திலேயே அநாதை இல்லத் தொண்டுச் சுற்றுலாவின் தீங்கைக் குறிப்பிட்டது. குழந்தைகளின் மீது அன்பு கொண்டவர்களின் பணமே குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரிக்கிறது என்பதைவிட வேதனையான செய்தி இந்தத் துறையில் இல்லை.

┌ பெட்டிச் செய்தி ┐
கடல் கடந்து வருகிறவர் கவனத்துக்கு
மின்னணுச் சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத குறுகிய காலத் தொண்டுக்கு அதிகபட்சம் ஒரு மாதமே அனுமதி. நீண்ட காலத்துக்கு வேறு விசா வேண்டும். மதப்பணிக்கு மிஷனரி விசா தனி. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி குழந்தைகள் இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். 74-ஆம் பிரிவின்படி இல்லத்துக் குழந்தையின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. மடியில் குழந்தையோடு எடுத்த படத்தை முகநூலில் போடுவதும் இதில் அடங்கும். சட்ட முறைக்கு வெளியே குழந்தையைக் கொடுப்பதும் வாங்குவதும் 80-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரியவை. நன்கொடை பெற வெளிநாட்டு நிதிப் பதிவு இல்லத்துக்கு இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் பணம் முதலில் புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கணக்குக்குத்தான் வர முடியும்.
└──────────┘

எந்தக் கைக்கு எந்த வேலை

அப்படியானால் வெளியிலிருந்து வருகிறவருக்கு இடமே இல்லையா? இருக்கிறது, ஆனால் தொட்டிலுக்கு ஓரடி தள்ளி. மூளைமுடக்கு உள்ள குழந்தையின் கால்களை எப்படி அசைத்துப் பயிற்சி தருவது என்று ஆயாம்மாவுக்குக் கற்றுத்தரும் இயன்முறை மருத்துவர், காது கேளாத பிள்ளைக்கு முதல் ஆண்டிலேயே மொழி கொடுக்கத் தெரிந்தவர், எடை குறைந்த சிசுவுக்குப் பாலூட்டும் முறையில் தேர்ந்த செவிலி — இவர்கள் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனாலும் கற்றுத்தந்தது அந்தக் கைகளிலேயே தங்கும். அப்படிப்பட்டவர்களுக்குப் பாளையங்கோட்டை புதிதல்ல. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே அங்கே பள்ளி எழுந்ததற்கு ஆஸ்க்வித், சுவெய்ன்சன் என்ற இரு மிஷனரிப் பெண்களின் பிடிவாதம் காரணம். அவர்கள் கொண்டுவந்தது ஒரு தொழில்திறன். அதை ஊராரிடம் விட்டுப் போனார்கள்.

இல்லங்கள் உடனே செய்யக்கூடியது இன்னொன்று. ஒரு தொண்டரின் விமானக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்தால், உள்ளூர்ப் பெண் ஒருவருக்குப் பல மாதச் சம்பளம். இரவுப் பணிக்கு இன்னோர் ஆயாம்மா இருந்தால் ஐந்து குழந்தைக்கு ஒருவர் என்பது மூன்றுக்கு ஒருவராகும். அந்த மாற்றம் மூன்று மணிக்கு அழும் குழந்தைக்குப் புரியும். சம்பளம் சரியாகக் கிடைத்தால் ஆயாம்மா வேலையை விட்டுப் போக மாட்டார். மையத்தின் தரத்தை இதைவிடச் சரியாகக் காட்டும் அளவுகோல் இல்லை. பார்க்க வருகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே: இங்கே குழந்தைகளைத் தூக்குகிறவர் எத்தனை ஆண்டாக இருக்கிறார்?

டோனாவூரே இந்தப் பாதையில் நடந்தது. சுதந்திரத்துக்குப் பின் வெளிநாட்டு மிஷனரிகளுக்கான அனுமதி இறுகியது. சித்திகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். அங்கேயே வளர்ந்த அக்காள்கள் பொறுப்பை ஏற்றார்கள். பையன்கள் பகுதி 1984-ல் மூடப்பட்டு, அந்தக் கட்டிடங்களில் இந்திய மிஷனரிகளின் பிள்ளைகளுக்கான பள்ளி நடக்கிறது. மருத்துவமனை சுற்றுக் கிராமங்களுக்குத் தொடர்ந்து வைத்தியம் பார்க்கிறது.

போகும் நாள்

மையத்திலிருந்து குழந்தை போகும் நாளுக்கும் ஒழுங்கு உண்டு. ஒதுக்கப்பட்ட குழந்தையைப் பார்க்கப் பெற்றோர் வருகிறார்கள். குழந்தையின் மருத்துவ அறிக்கையை அவர்களே தங்கள் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்ட பின், ஆணை வரும்வரை வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நல்ல மையங்களில் ஆயாம்மாவையும் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். எந்தத் தோளில் ஏப்பம் விடும், எதைப் பிடித்துக்கொண்டு தூங்கும் என்று அவர் புது அம்மாவிடம் சொல்வார். பழகிய துணி ஒன்றைத் துவைக்காமல் கூடவே கொடுத்தனுப்புவார்கள். வாசனை மாறாமல் இருக்க.

பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தையின் நிலை பற்றிய அறிக்கை போகும். குழந்தையின் கோப்பு மையத்தில் பத்திரமாக இருக்க வேண்டும். வளர்ந்த பிறகு தன் வேரைத் தேட அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு. பதினெட்டு நிறைந்தவர் தாமே விண்ணப்பிக்கலாம். குறைந்தவர் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்து கேட்க வேண்டும். பெற்ற தாய் தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று ஒப்படைக்கும்போது எழுதியிருந்தால், அவளுடைய எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அந்தப் பெயர் வெளியிடப்படாது. அவள் சம்மதிக்காவிட்டால், எந்தக் காரணத்தால், எந்தச் சூழலில் பிள்ளை ஒப்படைக்கப்பட்டது என்பது சொல்லப்படும்.